கூலிக் கணக்கில் சேராத கூலி: கேமரன் மலைத் தோட்டப்புறமும் நகர வாழ்க்கைச் செலவும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றிப் பேசுவோர், பெரும்பாலும் ஈரிடத்துச் சம்பளத்தையே ஒப்பிடுவர். இவ்வொப்பீடு போதாது என்பது நம் கருத்து. தோட்டத்தில் கூலியின் ஒரு பகுதி பணமாகக் கைக்கு வருவதே இல்லை.

போ தேயிலைத் தோட்டம் 1929இல் தோன்றியது. லயத்து வீடு, தண்ணீர், ஆயாக் கொட்டகை, மருந்தகம், பள்ளிக்கூடம் ஆகியவற்றைத் தோட்ட எல்லைக்குள்ளேயே கொண்டிருந்த மலாயாத் தோட்டமுறையின் வழிவந்தது அது. இவற்றுள் பலவற்றை 1990ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளியின் கடமையாகவே வகுத்தது. வீடு, குழந்தைக் காப்பகம், மருத்துவ வசதி ஆகியவற்றோடு, பயிரிடவும் கால்நடை மேய்க்கவும் நிலம் ஒதுக்குவதையும் அச்சட்டம் குறிப்பிடுகின்றது. வீட்டுப் பின்புறத்துக் கீரையும் கோழியும் எந்தச் சம்பளச் சீட்டிலும் இடம்பெறுவதில்லை. மலைக்குளிரில் மின்விசிறி தேவைப்படாததும் ஒருவகை வருமானமே!

நகரில் இவை யாவும் காசு கொடுத்துப் பெறவேண்டியவை ஆகின்றன. அரசே இவ்வேறுபாட்டிற்கு ஒருமுறை விலை குறித்தது. 2020 பிப்ரவரியில் மாநகர், நகராட்சிப் பகுதிகளுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,200 ரிங்கிட். கேமரன் மலை போன்ற மாவட்ட மன்றப் பகுதிகளுக்கு 1,100. ஆக, நகர வாழ்வின் கூடுதல் செலவு மாதம் 100 ரிங்கிட் என்றாயிற்று. கோலாலம்பூரின் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்ககங்களில் நெடுங்காலம் வாங்கப்பட்ட சலுகை வாடகையே 124 ரிங்கிட். அச்சலுகை கிட்டாதோர் வெளியில் கொடுக்கும் வாடகையோ அதனினும் பன்மடங்கு. 2022இல் அந்த 100 ரிங்கிட் வேறுபாடும் நீக்கப்பட்டு, 1,500 பொதுவாயிற்று. 2025இல் 1,700 ஆயிற்று.

இதனால் தோட்ட வாழ்வே உயர்ந்தது என்று நாம் கூறவில்லை. லயத்து வீடு வேலையோடு பிணைக்கப்பட்டது. வேலை முடிந்தால் வீடும் போய்விடும். ஓய்வுபெறும் தொழிலாளிக்கு இடப்பெயர்வு விருப்பத்தின்பாற்பட்டதன்று. ஊழியர் சேமநிதியில் சேர்ந்த தொகையைக் கொண்டு, வாழ்நாளில் முதன்முறையாக வாடகைக் கணக்குப் பார்க்க வேண்டிய நிலைக்கு அவர் ஆளாகிறார்.

ஆசிரியர்கள் கருதத்தக்க செலவு வேறொன்று உண்டு. தோட்டத் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகள் நடந்தே சென்றனர். நகர அடுக்ககத்துக்கு அருகில் தேசியப்பள்ளி இருக்கும். தமிழ்ப்பள்ளியோ பல கிலோமீட்டர் தள்ளி அமைந்திருக்கக்கூடும். பிள்ளை ஒன்றுக்கு மாதந்தோறும் வேன் கட்டணம் செலுத்த வேண்டும். மூன்று பிள்ளைகள் எனின் அது மும்மடங்காகும். தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கை குறைவதற்குப் பெற்றோரின் மொழிப்பற்றின்மையே காரணம் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அப்பெற்றோரின் மாதச் செலவுக் கணக்கில் வேன் கட்டணம் எத்தனையாவது வரியில் நிற்கிறது என்பதைப் பள்ளி வாரியங்கள் முதலாம் ஆண்டுப் பதிவின்போதே கேட்டறியலாம்.