கன்ட்ரோலர் ஏன் அதிர மறுக்கிறது?

கணினியில் கன்ட்ரோலரைச் செருகினால் பொத்தான்கள் எல்லாம் வேலை செய்யும். அதிர்வு மட்டும் சப்பென்று இருக்கும். ஏன்?

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் கைப்பிடிக்கு ஒரு மோட்டார். அதன் தண்டில் எடை ஒரு பக்கமாகக் கனத்திருப்பதால், சுழலும்போது கன்ட்ரோலரே குலுங்குகிறது. இடப்பக்க எடை பெரியது, வெடிச்சத்தத்துக்கான முரட்டு அதிர்வு அதனுடையது. வலப்பக்கம் சிறுதுடிப்பு. விண்டோஸின் எக்ஸ்இன்புட் முறையில் விளையாட்டு அனுப்புவது மோட்டாருக்கு ஓர் எண், 0 முதல் 65,535 வரை. அவ்வளவுதான்.

2020இல் வந்த சோனியின் டூயல்சென்ஸ் கன்ட்ரோலர் வேறு ரகம். ஒலிபெருக்கியில் உள்ளதுபோலவே காந்தமும் கம்பிச்சுருளும்தான் அதை அதிரவைக்கின்றன. அதற்கு எண் போதாது, ஒலியலையே வேண்டும். யுஎஸ்பி கேபிளில் இணைத்தால் விண்டோஸுக்கு அது நான்கு சேனல் ஒலிக்கருவி. கடைசி இரண்டு சேனல்கள் இரு கைகளுக்கு. மழைத்துளியும் சரளைக்கல் நடையும் உள்ளங்கையில் தனித்தனியாகத் தெரிவது இதனால்தான். மிக அழகான ஏற்பாடு இது!

புளூடூத்தில் இணைத்தால் அந்த ஒலிக்கருவி விண்டோஸுக்குத் தெரியாது. பெரும்பாலான விளையாட்டுகளில் பழைய குலுக்கலே மிஞ்சும். ஸ்டீம் செயலியின் ‘ஸ்டீம் இன்புட்’ வசதி இடையில் நின்று டூயல்சென்ஸை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகக் காட்டினாலும் இதே கதிதான்.

ஆகவே, டூயல்சென்ஸை நேரடியாக ஆதரிக்கும் விளையாட்டென்றால் கேபிளைப் பொருத்துங்கள். அதிர்வு சரியில்லையென்றால் அந்த விளையாட்டுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை அணைத்துப் பாருங்கள். கேபிள் வாங்கும்போது தரவும் செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் இதற்கு உதவாது.