6 மீற்றரில் பாஸ், கெட்டம்பேயில்?

மாத முடிவோடு சாரதி அனுமதிப்பத்திரம் காலாவதியாகும் வாசகர்களிடமிருந்து கடிதங்கள் குவிகின்றன. எந்தப் படிவம், எந்தக் கவுன்டர் என்பதெல்லாம் கண்டியில் லைசன்ஸ் எடுத்த எவருக்கும் தெரிந்த கதை, அதை விட்டுவிடுவோம். பல கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி வேறு. மெடிக்கலில் கண் நல்லம் என்று எழுதித் தருகிறார்கள். அதே கண், கெட்டம்பேயில் இரண்டு வீதிகள் சேருமிடத்தில் பக்கத்தில் வந்த சைக்கிளைக் காணாமல் விடுகிறதே, எப்படி?

தேசிய போக்குவரத்து மருத்துவ நிறுவகம் தரும் சான்றிதழ் நம்மை வாகனம் செலுத்தத் தகுதியானவர் என்கிறது. கண்ணைப் பொறுத்தவரை அந்தத் தகுதியின் பொருள் பெரும்பாலும் இவ்வளவுதான்: அசையாமல் நின்று, 6 மீற்றரில் அசையாத எழுத்துகளை, வேறெதையும் கவனிக்க வேண்டியிராத நேரத்தில் வாசிக்கக்கூடியவர். அந்த எழுத்துப் பலகையை நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் ஹெர்மன் ஸ்னெலன் என்ற கண் வைத்தியர் 1862இல் உருவாக்கினார். மோட்டார் வாகனம் பிறப்பதற்கு முன்பே வந்த சோதனை அது. கண்ணாடிக்கு இலக்கம் பார்க்க இன்றும் அருமையான கருவி. வீதிக்காக யாரும் அதைச் செய்யவில்லை.

கையை நீட்டிப் பெருவிரலைப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம், ஏறக்குறைய 2 பாகை. கண் உண்மையிலேயே கூர்மையாகக் காணும் பரப்பு அவ்வளவுதான், பலகை சோதிப்பதும் அதைத்தான். சைக்கிள் வருவதோ ஓரத்திலிருந்து. ஓரத்தில் தெரிவதை மூளை கணக்கில் எடுக்குமா இல்லையா என்பது, அந்தக் கணத்தில் நடுவில் அதற்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இதை அளக்க ஒரு சோதனை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கார்லீன் போல் என்பவரின் குழுவினர் வளர்த்தெடுத்தது. நம் சௌகரியத்துக்குப் 'பயன்படு பார்வைப் புலம்' என்று சொல்லிக்கொள்வோம். கணினித் திரையின் நடுவில் ஒரு வாகனப் படம் மின்னி மறையும். காரா, லொறியா என்று சொல்ல வேண்டும். சுலபம். அடுத்த கட்டத்தில் நடுவில் படம் மின்னும் அதே கணத்தில் ஓரத்தில், எட்டுத் திசைகளில் ஏதோ ஒன்றில், இன்னொரு கார் மின்னும். நடுவில் எது, ஓரத்தில் எங்கே, இரண்டையும் சொல்ல வேண்டும். மூன்றாவது கட்டத்தில் திரை முழுக்க முக்கோணங்களை இறைத்து, அந்த நெரிசலுக்குள் ஓரத்துக் காரை ஒளித்து வைப்பார்கள். படம் தெரியும் நேரத்தை அரை செக்கனிலிருந்து அதன் முப்பதில் ஒரு பங்குவரை குறைத்துக்கொண்டே போவார்கள். ஓரத்து வாகனம் 'காணாமல்' போகத் தொடங்கும் இடம் ஆளுக்கு ஆள் வேறு. எழுத்துப் பலகையின் கடைசி வரியை வாசித்தவர்கள்கூட இங்கே தடுமாறுவதுண்டு. மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் மாலை 5 மணிக்கு பஸ் திருப்பும் சாரதிக்கு இந்த மூன்றாம் கட்டம் அன்றாடப் பிழைப்பு.

1993இல் வெளியான ஆய்வொன்றுக்காக அலபாமாவில் 55 வயதுக்கு மேற்பட்ட 294 சாரதிகளிடம் இதைச் செய்து பார்த்தார்கள். பயன்படு பார்வைப் புலம் பெருமளவு சுருங்கியிருந்தவர்கள் முந்தைய 5 ஆண்டுகளில் விபத்தில் சிக்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 6 மடங்கு. கண்ணின் ஆரோக்கியம், பார்வைக் கூர்மை, வயது ஆகியவற்றை வைத்து யார் விபத்துக்காரர் என்று பிரிப்பது இந்த அளவுக்குக் கைகூடவில்லை. என்னை உறுத்துவது வேறொன்று. பார்வை மங்கினால் எழுத்துக் கலங்கும், நாமே கண்ணாடிக் கடைக்குப் போவோம். கவனம் சுருங்கினால் எதுவும் கலங்குவதில்லை. தவறவிட்டதைத் தவறவிட்டோம் என்றே தெரியாது. "திடீரென்று குறுக்கே வந்தான்" என்று பொலிஸில் சொல்லும் சாரதி பொய் சொல்லாமலும் இருக்கலாம்.

அப்படியானால் நாளைக்கே இதைக் கட்டாயமாக்கலாமே என்று அவசரப்படுபவர்களுக்கு: அதே ஆய்வில், விபத்தே செய்யாதவர்களில் 100க்கு 19 பேரையும் சோதனை ஆபத்தானவர் பக்கம் தள்ளியது. பஸ் ஓட்டிக் குடும்பம் நடத்தும் ஒருவரை இந்தக் கணக்கை வைத்து வீட்டுக்கு அனுப்ப முடியாது. முதியவர்களிடம் கண்டது 25 வயது ஆட்டோக்காரருக்கு அப்படியே பொருந்தும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. போதாததற்கு, பயிற்சி எடுத்தால் இதில் புள்ளி கூடும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கே தெருவுக்குத் தெரு வகுப்பு நடக்கும் ஊரில் அடுத்து என்ன விளம்பரப் பலகை தொங்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் கனரக வாகனக்காரர்கள் 4 ஆண்டுக்கு ஒருமுறை எப்படியும் மெடிக்கல் வரிசையில் நிற்கிறார்கள். தண்டிக்க அல்ல, அவரவருக்கே தெரியப்படுத்தவாவது இதைச் செய்து காட்டலாம்.

மீதிக் கேள்விகள்.

பலகையை மனப்பாடம் செய்துகொண்டு போக முடியாதா? முடியும், அந்தச் சோதனையின் இன்னொரு பலவீனம் அது.

கண்ணாடி போட்டு வாசித்துப் பாஸானால்? கண்ணாடி போட்டே ஓட்ட வேண்டும், ஊருக்குள் ஓடினாலும்.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாது, சிக்னலில் என்ன செய்வது? சிவப்பு எப்போதும் மேலே இருக்கும். முன்னால் போகும் வாகனத்தின் பிரேக் விளக்கில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

கையில் பிடிக்காமல் போன் பேசலாமா? யூட்டாவில் நடந்து 2001இல் வெளியான சோதனையில், போனைக் கையில் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் ஒரே அளவில் சிக்னல்களைத் தவறவிட்டார்கள்.

அப்பாவுக்குக் கற்றராக், சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே ஓட்டுகிறார்? 2002இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் விபத்து வீதம் செய்யாதவர்களுடையதில் பாதியாக இருந்தது. மெடிக்கலுக்கு முன் கண் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள்.