சங்க வண்டியும் டீசல் சிக்கனமும்

சங்கத்தின் சரக்கு வண்டி குடிக்கும் ஒவ்வொரு லிட்டர் டீசலும் அங்கத்தினர்களின் லாபப் பங்கிலிருந்தே கழிகிறது. மணலியில் 1969-ஆம் ஆண்டு முதல் எண்ணெய் சுத்திகரிக்கப்பட்டு வருகிறது. ஆயினும், அதற்கு வேண்டிய கச்சா எண்ணெயில் பெரும்பகுதி கடல் கடந்தே வருகிறது.

இராயபுரத்திற்கும் எண்ணூருக்கும் இடையே ஓடும் வண்டிக்குத் தூரத்தைவிடக் காத்திருத்தலே பெருஞ்செலவு. துறைமுகத்தை நோக்கிக் கண்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்குங்கால், அவற்றின் பின்னே அகப்பட்ட சிறு வண்டியின் எஞ்சினும் வீணே ஓடுகிறது. அவ்வாறு ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை டீசல் எரியும். வண்டியோ ஓரடியும் நகர்ந்திராது. ஆகவே, இரண்டு நிமிடத்திற்கு மேல் நிற்க நேர்ந்தால் எஞ்சினை நிறுத்துதல் வேண்டும். நெரிசலற்ற வேளையில் சரக்கை அனுப்புதல் அதனினும் நன்று.

வேகமும் கவனிக்கத்தக்கது. வேகம் இருமடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 1978-இல் அமைக்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிச் சங்கம், மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகமே சிக்கனமானதெனக் கூறுகிறது. டயரில் காற்றுக் குறைந்தாலும் டீசல் கூடுதலாகச் செலவாகும். காலையில் டயர் சூடேறுமுன் சோதிப்பது முறை. தூசி மிகுந்த இப்பகுதியில் ஏர் பில்டரையும் அடிக்கடி பார்த்தல் அவசியம்.

பயனை அறிய ஒரு குறிப்பேடு போதும். டாங்கை நிரப்பும்போதெல்லாம் ஓடிய தூரத்தை லிட்டரால் வகுத்து எழுதுக. 780 கிலோமீட்டருக்கு 65 லிட்டர் எனில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர். அது 13 ஆனால் 60 லிட்டரே போதும். இக்கணக்கை மாதந்தோறும் கூட்டத்தில் வைப்போம். மிச்சமாகும் தொகையில் ஓட்டுநருக்கும் ஒரு பங்கு அளிப்போம்.