தூக்குமேடையும் ஆயுட்சிறையும்

மட்டக்களப்பு வாவியின் கரையோர ஊர்களில் வைகாசி மாதத்திற் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி நடைபெறுவது வழக்கம். அப்பொழுது வழக்குரை காதை பாடப்படும். களவு செய்யாத கோவலன் கள்வன் எனக் கொலையுண்ட கதையைச் சிறியோரும் பெரியோரும் கேட்டிருப்பர். பாண்டியன் தன் தவற்றை உணர்ந்தான்; அதற்குள் தண்டனை நிறைவேறிவிட்டது. மரணதண்டனையா, ஆயுட்சிறையா என்னும் விவாதத்தின் மூலவினா இக்கதையிலேயே அடங்கியிருக்கிறது.

கொலைஞரைத் தூக்கிலிடுதல் வேண்டும் என்போர் வள்ளுவரைத் துணைக்கழைப்பர். கொடியோரை வேந்தன் தண்டித்தலை அவர் களை பிடுங்குதலுக்கு ஒப்பிட்டார். வட்டையில் உழைக்கும் விவசாயிக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஆனால், இளம்பருவத்திற் களையும் நெல்லும் ஒன்றுபோலத் தோன்றுவதுண்டு என்பதையும் அவனே அறிவான்.

இலங்கை இவ்வினாவை ஏட்டளவில் மட்டும் ஆராயவில்லை. 1956 இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க அரசாங்கம் தூக்குத்தண்டனையை நிறுத்திவைத்தது. 1958 இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. சட்டப் பேராசிரியர் நோர்வல் மொறிஸ் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, அந்நிறுத்தம் தொடர்வதே தக்கது எனக் கண்டது. ஆனால் 1959 செப்டெம்பரிற் பிரதம மந்திரி பண்டாரநாயக்கவே சுடப்பட்டு இறந்தார். நாடு கொதித்தது, அவ்வாண்டு முடியுமுன் மரணதண்டனை மீண்டது.

அவ்வழக்கில் மூவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. சுட்டவரான சோமராம தேரர் 1962 யூலையில் தூக்கிலிடப்பட்டார். சதி செய்த ஏனை இருவரின் தண்டனையோ மேன்முறையீட்டில் ஆயுட்சிறையாக மாறியது. முன் நிகழ்ந்த சதிக்குற்றத்தையும் தழுவுமளவிற்குப் புதிய சட்டத்தின் சொற்கள் தெளிவாக இல்லை என்பதே காரணம். ஒரே கொலைக்காகத் தண்டிக்கப்பட்டோருள் ஒருவர் தூக்குமேடை ஏறவும், இருவர் உயிர்தப்பவும் சட்டத்தின் வாசகமே வழிசெய்தது.

1976 யூன் 23 ஆம் நாளுக்குப் பின் இந்நாட்டில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. நீதிமன்றங்கள் மரணதண்டனை விதித்துவந்தபோதிலும் அது நிறைவேற்றப்படவில்லை. 2019 இற் போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடச் சனாதிபதி சிறிசேன ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஆயுட்சிறை எளிய தண்டனையன்று. அது குற்றவாளியைச் சமூகத்தினின்றும் விலக்குகிறது. கொலையுண்டவனின் குடும்பத்துக்கு ஆறுதல் அளிக்க அதனாலும் முழுதும் இயலாது. எனினும், பிழை வெளிப்படும் நாளிற் சிறைக்கதவைத் திறக்கலாம். காற்சிலம்பு உடைந்த பின்னர் பாண்டியனுக்கு அவ்வழி இருக்கவில்லை என்பது சிந்திக்கற்பாலது.