ஒரே மரத்தில் இரண்டு பட்டு

கொச்சியின் மட்டாஞ்சேரியில் ஓட்டுக்கூரைகள் மேல் கிளை சாய்த்து நிற்கும் மாமரங்களில், பச்சை மாறாத இலைகள் சில ஒன்றோடொன்று ஒட்டிப் பந்துபோல் திரண்டு தொங்கினால், அது பெரும்பாலும் மலையாளிகள் நீறு என்றும் தமிழர்கள் முசுறு என்றும் அழைக்கும் செவ்வெறும்பின் கூடாகவே இருக்கும். வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இலை விளிம்புகளை இழுத்துப் பிடித்துக்கொள்ள, வேறு சில எறும்புகள் தம் இளம்புழுக்களை வாயில் கவ்வி வந்து, தறியில் நாடா ஓடுவதுபோல இந்த விளிம்பையும் அந்த விளிம்பையும் மாறிமாறித் தொடுவிக்கின்றன. தொட்ட இடமெல்லாம் புழுவின் வாயிலிருந்து வெள்ளிழை ஒட்டி நீள்கிறது. வேறு பல எறும்பினங்களின் புழுக்கள் தமக்கு உறை பின்னிக்கொள்ளும் பட்டை, முசுறுப் புழு குடியிருப்புக்கே கொடுத்துவிட்டு உறையின்றியே உருமாறுவது பூச்சியுலகின் அரிய ஈகை.

அம்மரத்திலேயே, எட்டுக் கால்களுள் முன்னிரண்டை உணர்கொம்புகளைப் போலத் தூக்கிக்கொண்டு, முசுறாகவே தோன்றும் தாவும் சிலந்தி ஒன்றும் வாழ்வதுண்டு. அது பூச்சி பிடிக்க வலை பின்னுவதில்லை. இலைமேல் பட்டுக்கூண்டு நெய்து தங்குகிறது, தாவும்போது காப்பிழை ஒன்றைப் பின்னால் விட்டுச் செல்கிறது. சிலந்தியின் வயிற்றில் பட்டு நூலாக இருப்பதில்லை. அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறுகளான புரதங்கள் நீரில் கரைந்த கெட்டிக் குழம்பாகவே சுரப்பியில் தேங்கியிருக்கின்றன. பெரிய வலைச்சிலந்தி ஒன்றில் அளந்தபோது, குழம்பு சுரப்பியிலிருந்து நூற்புக்குழாய்க்குள் நகர நகர, அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் அளவு 7.6 இலிருந்து 5.7 ஆக இறங்குவது தெரியவந்தது. அதனோடு உப்புகள் மாறி, நீர் உறிஞ்சப்பட்டு, குழாயும் குறுகிக்கொண்டே போவதால், கலைந்து கிடந்த சங்கிலிகள் இழுபட்டு ஒரே திசையில் நிமிர்கின்றன. அப்போது அலனைன் என்னும் அமினோ அமிலம் அடுத்தடுத்து வரும் பகுதிகள் தகடுகளாகப் படிந்து நுண்படிகங்களாக இறுக, கிளைசீன் மிகுந்த பகுதிகள் நெகிழ்வாகவே நின்றுவிடுகின்றன. படிகம் வலிமையையும் நெகிழ்பகுதி நீட்சியையும் தருவதால், எஃகின் அடர்த்தியில் ஆறில் ஒரு பங்கே உள்ள வலைச்சிலந்தியின் தொங்கிழை, வலுவான எஃகுக்கு ஈடான இழுவிசையைத் தாங்கி, கால்பங்கு நீண்டும் அறாமல் நிற்கிறது. கொதிகலனோ கடுமையான கரைப்பானோ இல்லாமல், சாதாரண வெப்பநிலையில் நடக்கும் நூற்பு இது. காஞ்சிபுரம் பட்டுக்கு இழை தரும் மல்பெரிப் புழுவும் ஏறத்தாழ இம்முறையையே கையாளுகிறது.

முசுறின் பட்டு இவ்வழியில் உருவாவதில்லை. அதில் நான்கு சிறிய புரதங்கள், தகடாகப் படியாமல், சுருள்களாகி, கயிறு திரிப்பதுபோல ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. தேனீப் புழுவின் பட்டும் இவ்வகையே. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்ட சிலந்திப் புரதத்தைப் பாக்டீரியாவில் முழுமையாக உருவாக்குவது கடினம். சிறிய புரதங்களோ எளிதில் அமைகின்றன. 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பாக்டீரியாவில் உருவாக்கிய தேனீப்பட்டுப் புரதக் கரைசலிலிருந்து கையாலேயே இழை இழுத்தார்கள்.

மட்டாஞ்சேரிக்கு அருகே தேவராவிலுள்ள சேக்ரட் ஹார்ட் கல்லூரியின் விலங்கியல் துறையில் சிலந்தி ஆய்வுக்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. ஆனால் முசுறின் நெசவைக் காண ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. கூட்டின் ஓர் இலை பிரிந்துவிட்டால், புழுவைக் கவ்விய எறும்புகள் அந்த விளிம்பை நோக்கி வரத் தொடங்கிவிடுகின்றன.