உஷார்! நாளைக்கு உங்கள் லொறியில் மனேஜர் ஏறுகிறார்

நாளைக் காலை ஏரியா மனேஜர் உங்களோடு ரூட்டுக்கு வருகிறார் என்று ஸ்டோர்ஸில் சொல்லிவிட்டார்களா? சட்டையை அயர்ன் பண்ணுங்கள். லொறியைக் கழுவுங்கள். பில் புத்தகத்தை ஒழுங்காக அடுக்கி வையுங்கள். சோத்துப் பார்சலை மட்டும் மறந்துவிட்டுப் போகாதீர்கள்! ஒரு நாள் பட்டினி கிடந்து நல்ல பெயர் வாங்கலாம் என்று நினைக்கிற டிரைவர் தன் தலையில் தானே கல்லைப் போட்டுக்கொள்கிறார். தனக்குப் பிறகு அந்த ரூட்டுக்கு வருகிறவன் தலையிலும் போடுகிறார்.

யாரோ சொல்லிக் கேட்டதல்ல இது. கல்லைப் போட்டவன் நான்.

கட்டுகஸ்தோட்டையில் இருந்து மாத்தளை வீதியில் அக்குறணை, அலவத்துகொடை வரை என் ரூட். பிஸ்கட், சவர்க்காரம், நூடில்ஸ் இறக்குகிற வேலை. ஒரு நாளைக்கு 26 கடை. வெள்ளிக்கிழமை மதியம் அக்குறணையில் ஜும்ஆவுக்குக் கடைகளைப் பூட்டிவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து நானும் ஹெல்பர் தம்பியும் லொறியை ஓரங்கட்டிப் பார்சலை அவிழ்ப்போம். யாரும் போட்டுத் தந்த டைம்டேபிள் இல்லை, ஊரே எங்களுக்குத் தந்த ஓய்வு அது.

மனேஜர் ஏறியதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். ஷட்டர்கள் இறங்குவதைப் பார்த்தார், கைமணிக்கூட்டைப் பார்த்தார். “அங்கால திறந்திருக்கிற கடைகளையாவது முடிச்சிட்டு வருவமா? பசிக்குதா தம்பி?” என்றார். பசி வயிற்றைக் கிள்ளியது. “இல்ல சேர், போகலாம் சேர்” என்றேன். பின்னால் பெட்டிகளுக்கு நடுவே இருந்த ஹெல்பர் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் கண்ணில் நிற்கிறது. அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அன்று 31 கடை. மனேஜர் முதுகில் தட்டினார், “கெட்டிக்காரன்” என்றார். நானும் மகிழ்ந்துபோனேன், மடையன்! அடுத்த மாதம் வந்த ரூட் ஷீட்டில் 31 கடை என்று அச்சடித்திருந்தது. வேலை முடியும் நேரம் மட்டும் பழையபடி. கூடிய ஐந்து கடையும் எங்கள் சாப்பாட்டு மணித்தியாலத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டன. முறையிடப் போனால், “நீங்கதானே செஞ்சு காட்டினீங்க?” என்றார்கள். அதற்கு என்ன பதில் சொல்ல?

வீட்டில் சொன்னபோது அம்மா சிரித்தார். கலஹாப் பக்கம் முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். “தொரை மலைக்கு வர்ற அன்னைக்கு வேகமா கொழுந்து எடுக்கிறவள பக்கத்து நிரைக்காரி கிள்ளி விடுவாடா” என்றார். தோட்டத்தில் ‘பேர்’ என்று ஒரு கணக்கு உண்டு. இத்தனை கிலோ பறித்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனபோது பல தோட்டங்களில் பேருக்கான கிலோவும் கூடவே ஏறியது நினைவிருக்கும். சம்பளம் ஏறினாலும் அளவு ஏறும், வேகம் ஏறினாலும் அளவு ஏறும். ஏறிய அளவு இறங்கிய கதையை மட்டும் நான் கேட்டதில்லை.

இடையில் ஒரு வேடிக்கை. எங்கள் மலைக்கு ஒரு டெய்லர் வந்தார். ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர். அமெரிக்காவில் இன்னொரு டெய்லர், ஃப்ரெடெரிக். அவர் கையில் இருந்தது ஸ்டொப்வாட்ச். பெத்லெஹெம் இரும்பாலையில் நாளொன்றுக்கு பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்த ஆட்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் ஆள் நிறுத்தி, எப்போது தூக்கு, எப்போது உட்கார் என்று சொல்லிச் சொல்லி நாற்பத்தேழரை டன் சுமக்க வைத்ததாக 1911இல் வந்த புத்தகத்தில் பெருமையாக எழுதினார். சுமை ஏறக்குறைய நாலு மடங்கு. கூலி 1.15 டொலரில் இருந்து 1.85 ஆனது. அதே 1911இல் வோட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் ஒருவர் வேலையை ஸ்டொப்வாட்ச் வைத்து அளக்கத் தொடங்கியதும் வார்ப்பு வேலைக்காரர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். விஷயம் அமெரிக்கக் காங்கிரஸ் வரை போய், சில வருடங்களில் அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் அந்த அளவைக்குத் தடை வந்தது. ஒரு டெய்லர் எங்களுக்குத் தேயிலையைத் தந்தார், மற்றவர் பேர்க் கணக்கைத் தந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மணிக்கூடு இப்போது லொறியின் முன்சீட்டில் உட்கார்ந்து வருகிறது. அமெரிக்காவின் யூபிஎஸ் பொதி விநியோகக் கம்பனியில் மேற்பார்வையாளர் பழுப்பு வேனில் ஏறி நாள் முழுக்கக் கூட வருவது பழைய வழக்கம். பழைய டிரைவர்கள் புதியவர்களுக்குச் சொல்கிற புத்தியும் பழையதுதான்: அவர் இருக்கிறார் என்று ஓடாதே, எல்லா நாளையும் போலவே வேலை செய், சாப்பாட்டு நேரத்தை ஒரு நிமிடம் குறையாமல் எடு. அங்கே டீம்ஸ்டர்ஸ் சங்கம் பின்னால் நிற்கிறது. நம்மில் முக்கால்வாசிப் பேர் ஏஜென்ட் ஒருவரிடம் வேலை செய்கிறவர்கள், சங்கம் கிடையாது. அப்படியென்றால் நாம் இன்னும் உஷாராக அல்லவா இருக்க வேண்டும்?

கடைக் கணக்கை விடுங்கள், உயிரைப் பாருங்கள். கண்டியைச் சுற்றி எந்த ரூட்டை எடுத்தாலும் ஏற்றம், இறக்கம், வளைவு. கடுகண்ணாவை இறக்கமோ மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவோ, வெறும் வயிற்றோடு பாரம் ஏற்றிய லொறியை இறக்குகிற இடமில்லை. 2025 மே மாதம் கதிர்காமத்தில் இருந்து குருநாகலுக்கு இரவெல்லாம் ஓடி வந்த பஸ் கொத்மலை கெரண்டிஎல்லயில் விடியற்காலையில் பள்ளத்தில் பாய்ந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சாரதிகளின் களைப்பைப் பற்றி நாடே அப்போது பேசியது. பிறகு வழக்கம்போல் அடங்கிவிட்டது. பகலில் சாமான் இறக்கும் சாரதியின் பசியைப் பற்றி அப்போதும் யாரும் பேசவில்லை.

சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர்கள் இரட்டிப்பு உஷார்! காலையில் குளிசையைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டைத் தள்ளினால், சில குளிசைகளுக்கு இரத்தத்தில் சீனி சட்டென்று இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், புத்தி மந்தமாகும். “பசிக்கல சேர்” என்கிற பொய்யை உடம்பு ஏற்றுக்கொள்ளாது. மனேஜரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள்: “சேர், நான் குளிசை போடுற ஆள், நேரத்துக்குச் சாப்பிடணும்.” இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? யார் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறார் என்பது முதலாளியின் தொழிலைப் பொறுத்தது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் வருகிறவருக்கு நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். இந்த 8 மணித்தியாலம் சாப்பாட்டு இடைவேளை நீங்கலாக என்பதைக் கவனியுங்கள். சாப்பாட்டு நேரத்திலும் கடைக்குக் கடை ஓடினால் அது இடைவேளை இல்லை, வேலை. ஷீட்டில் ‘லஞ்ச் 1 மணித்தியாலம்’ என்று எழுதிவிட்டு அந்த நேரத்தில் ஐந்து கடை செய்ய வைத்தால், உங்கள் சம்பளத்தில் ஒரு மணித்தியாலம் காணாமல் போகிறது. இந்தியாவில் 2025 வரை நடைமுறையில் இருந்த 1961 மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, அரை மணித்தியாலமாவது ஓய்வு கொடு என்றது. ஐரோப்பாவில் கனரக லொறிக்காரர் நாலரை மணித்தியாலம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியே ஆக வேண்டும்.

மனேஜர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நல்ல மனசுக்காரர்களும் உண்டு. அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது! “வாங்க தம்பி, இன்னைக்கு என் செலவு” என்று கண்டி டவுனில் பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப் போவார். சாப்பாடு வர நேரமாகும். சாப்பிட்டபடியே டார்கெட், ரிட்டர்ன் சாமான், எந்தக் கடைக்காரர் பாக்கி என்று பேசுவார். ஒன்றரை மணித்தியாலம் ஓடிவிடும். ரிப்போர்ட்டில் உங்கள் லஞ்ச் ஒன்றரை மணித்தியாலம் என்று பதிவாகும். மனேஜர் வேண்டுமென்றே எழுதியிருக்க மாட்டார், ஜிபிஎஸ் எழுதிவிடும். டவுனுக்குள் லொறியை நிறுத்த இடமில்லாமல் சுற்றிய நேரமும் உங்கள் கணக்கில்தான் விழும். இதற்குள் ஹெல்பர் லொறியைக் காவல் காத்துக்கொண்டு பட்டினி கிடப்பான். நன்றி சொல்லுங்கள், “பார்சல் கொண்டு வந்திருக்கேன் சேர்” என்று சிரித்துக்கொண்டே தப்பிவிடுங்கள். எதிர்ப்பக்கமாகவும் போகாதீர்கள். வழக்கமாக இருபது நிமிடத்தில் எழும்புகிறவர் மனேஜர் வந்த அன்று மட்டும் உரிமை பேசி ஒரு மணித்தியாலம் நீட்டினால், நாடகம் என்று அவருக்கும் தெரிந்துவிடும். ஆகவே முழு இடைவேளையையும் இன்றிலிருந்தே, எல்லா நாளும் எடுத்துப் பழகுங்கள்.

அன்றைக்குச் செய்ய வேண்டியது பெரிய வித்தையில்லை. ரன்னிங் சார்ட்டில் சாப்பிட நிறுத்திய நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் மீட்டர் இலக்கத்தோடு எழுதுங்கள். “லஞ்சுக்கு நிறுத்துறோம்” என்று ஸ்டோர்ஸுக்கு ஒரு வாட்ஸ்அப் போடுங்கள், அதில் நேரம் தானாக விழும். சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சில்லுக்குக் கட்டை வையுங்கள். மழை நாளில் மண்மேட்டின் கீழே நிறுத்தவே நிறுத்தாதீர்கள்! 2025 நவம்பரில் பஹல கடுகண்ணாவையில் மண்மேடு சரிந்து வீதியோரக் கடையில் விழுந்து உயிர்கள் போயின. பின்னேரம் மனேஜர் நீட்டுகிற தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்காதீர்கள். இங்கிலீஷில் இருந்தால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். சாப்பாட்டு நேரம் அதில் இல்லையென்றால் கையெழுத்துக்குப் பக்கத்தில் தமிழிலேயே எழுதுங்கள்: ‘சாப்பாட்டு நேரம் சேர்க்கப்படவில்லை.’ தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான். அந்தத் தாளை ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நாளைக்குக் கண்டி தொழில் அலுவலகத்துக்குப் போக நேர்ந்தால் வாய்ப்பேச்சை விட அந்தப் படம் பேசும்.

மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டு ஓடுகிற ஆப் பையன்கள், எங்களுக்கு மனேஜரே இல்லை என்று சிரிக்க வேண்டாம். உங்கள் மனேஜர் இருபத்துநாலு மணித்தியாலமும் ஹேண்டில்பாரில் கட்டிய ஃபோனுக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஊருக்குச் சாப்பாடு சுமக்கிறவன் மதியம் ஒன்றரை மணிக்குப் பேராதனை வீதியில் பட்டினியாக நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

நான் அந்த வேலையை விட்டுச் சில வருடங்களாகிறது. போன மாதம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி ட்ரஃபிக்கில் என் பழைய லொறியைக் கண்டேன். ஓட்டுகிறவன் புதுப் பையன். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் பாதி கடித்த மாலுபாண். கண்ணாடியைத் தட்டி, “இப்ப எத்தனை கடை தம்பி?” என்று கேட்டேன்.

“முப்பத்தொண்ணு அண்ணே” என்றான்.