சினைப்பசுவும் தடுப்பூசியும்

கோமாரி நோய்த் தடுப்பூசி போடும் பணியாளர் ஒரு கிராமத்திற்குச் செல்லும்போது, தொழுவத்தின் வாயிலில் அடிக்கடி எழும் வேண்டுகோள் ஒன்று உண்டு. “இது சினை மாடு, இதை மட்டும் விட்டுவிடுங்கள்” என்பதே அது. இவ்வேண்டுகோளை வெறும் அறியாமை எனத் தள்ளிவிடலாகாது. சிறு விவசாயி ஒருவருக்குச் சினைப்பசு என்பது வருங்காலப் பாலும் வருங்காலக் கன்றும் ஒருங்கே சேர்ந்த செல்வமாகும். ஓர் ஊசியினால் கன்று வீசிவிடுமோ என அவர் அஞ்சுவது இயல்பே. ஆயினும், அவ்வேண்டுகோளை ஆராயாமல் ஏற்றுக்கொண்டால் விளையும் தீங்கு பெரிதாகும். காரணம் எளிய கணக்கில் அடங்கியுள்ளது.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள். எருமையின் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள். ஆண்டுக்கொரு கன்று ஈனும் நல்ல பசு, 12 மாதங்களில் 9 மாதங்களுக்கு மேல் சினையாகவே இருக்கும். ஆகவே சினை மாடுகளை எல்லாம் ஒதுக்கிவிடுவது என ஒரு குழு முடிவு செய்யுமாயின், அது எந்த மாதத்தில் சென்றாலும், கிராமத்தின் சிறந்த கறவை மாடுகளில் பெரும்பகுதி பாதுகாப்பின்றி நிற்கும். நோய் புகுந்தால் முதலில் பற்றுவதும் அவற்றையே. கோமாரியின் கடுங்காய்ச்சலினால் சினைப்பசு கன்று வீசுவதுண்டு. தொண்டை அடைப்பான் கண்ட மாடு ஓரிரு நாட்களிலேயே மடியக்கூடும்; அதனுடன் கருவும் மடிகிறது.

எனவே, சினை மாட்டிற்கு ஊசி போடலாமா என்று பொதுவாகக் கேட்பதைக் காட்டிலும், களப்பணியாளர் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும். முதலாவது: இத்தடுப்பு மருந்திலுள்ள கிருமி உயிருள்ளதா, உயிரற்றதா? இரண்டாவது: இப்பசு எத்தனையாவது மாதச் சினை?

உயிரற்ற கிருமி மருந்துகள்

கோமாரித் தடுப்பு மருந்தில் நம் நாட்டில் காணப்படும் ஓ, ஏ, ஆசியா 1 ஆகிய மூன்று வகை வைரசுகள் செயலிழக்கச் செய்யப்பட்டுச் சேர்க்கப்படுகின்றன. தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றிற்கான மருந்துகளிலும் கொல்லப்பட்ட நுண்ணுயிர்களே உள்ளன. உயிரற்ற கிருமி உடலுக்குள் பெருகுவதில்லை. கருப்பையை அடைந்து கருவைத் தாக்கவும் அதனால் இயலாது. ஊசி போட்ட இடத்தில் வீக்கம், ஓரிரு நாள் இலேசான காய்ச்சல், பால் சற்றுக் குறைதல் ஆகியவை தோன்றலாம். அவை தாமே நீங்கும்.

இவ்வகை ஊசியின்போது சினைப்பசுவிற்கு ஆபத்து நேருமாயின், அது பெரும்பாலும் மருந்தினால் நேர்வதில்லை. மாட்டைக் கையாளும் முறையினாலேயே நேர்கிறது. நிறைசினைப் பசுவைத் துரத்திப் பிடித்தல், கயிறிட்டுக் கீழே வீழ்த்துதல், வெயிலில் நெடுநேரம் நிறுத்துதல், முட்டும் மாடுகளுடன் நெருக்கி அடைத்தல் ஆகியவை கருச்சிதைவிற்கு இடந்தரும். ஆதலின் குளிர்ந்த காலை வேளையில், மாட்டை அதன் தொழுவத்திலேயே, நாள்தோறும் பராமரிப்பவர் தலையைப் பிடித்திருக்க, அமைதியாக ஊசி போடுதல் வேண்டும். ஈனும் நிலையை நெருங்கிவிட்ட மாடுகளின் பொருட்டு மருந்துடன் வரும் குறிப்பையும் கால்நடை மருத்துவரின் முடிவையும் பின்பற்றுக. அவ்வாறு விடப்படும் மாடு மறக்கப்படலாகாது. அதன் காதுவில்லையிலுள்ள 12 இலக்க எண்ணைத் தனிப்பட்டியலில் எழுதி, ஈன்ற பின்னர் ஊசி போட்டு முடித்தல் கடமையாகும்.

உயிருள்ள கிருமி மருந்து: கன்றுவீச்சு நோய்

கன்றுவீச்சு நோய் எனப்படும் புரூசெல்லா நோயின் கிருமியை 1897இல் டென்மார்க் நாட்டு அறிஞர் பெர்ன்ஹார்டு பாங் கண்டறிந்தார். இக்கிருமி சினையுற்ற கருப்பையில் மிகுதியாகப் பெருகும் தன்மையது. பெரும்பாலும் ஐந்தாம் மாதத்திற்குப் பின் கன்று வீசச் செய்கிறது. 1923இல் அமெரிக்காவில் ஜான் பக் என்பவர் ஒரு பசுவின் பாலிலிருந்து இக்கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆய்வகத்தில் சாதாரண வெப்பநிலையில் ஓராண்டிற்கு மேல் இருந்த அக்கிருமி வலிமை குன்றியிருந்தது. ஆயினும் நோயைத் தடுக்கும் ஆற்றலை அளித்தது. எஸ்-19 என வழங்கும் தடுப்பு மருந்து இவ்வாறு பிறந்ததே.

வலிமை குன்றியதாயினும் எஸ்-19 உயிருள்ள கிருமியே. சினைப்பசுவிற்குப் போட்டால் அதுவே கருப்பையில் தங்கிக் கன்று வீசச் செய்யக்கூடும். காளைக்குப் போட்டால் விதைப்பையில் அழற்சி உண்டாகலாம். எனவேதான் இது 4 மாதத்திற்கு மேல் 8 மாதத்திற்குட்பட்ட கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரே முறை போடப்படுகிறது. 2019 செப்டம்பர் 11 அன்று மதுராவில் தொடங்கப்பட்ட தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரியுடன் இந்நோயும் சேர்க்கப்பட்டு, இவ்வயது வரம்பே கடைப்பிடிக்கப்பட்டது.

வயது வரம்பின் காரணங்களை ஊரார்க்கு விளக்குதல் நன்று. மிக இளங்கன்றின் உடலில் தாயின் சீம்பாலிலிருந்து பெற்ற எதிர்ப்பொருள்கள் எஞ்சியிருந்து மருந்தின் பயனைக் குறைக்கும். வயது கடந்த கிடேரிக்குப் போட்டாலோ, ஊசியினால் தோன்றிய எதிர்ப்பொருள்கள் நெடுங்காலம் நிலைத்து, பின்னாளில் இரத்தச் சோதனையில் நோயுற்ற மாடு போலவே அதனைக் காட்டும். மேலும், அது அறியாமற் சினையுற்றிருக்கவும் கூடும். பிறந்த தேதி நினைவில் இல்லாத வீடுகளில், கன்று தீபாவளிக்கு முன் பிறந்ததா, ஹோலிக்குப் பின் பிறந்ததா எனக் கேட்டால் பெரும்பாலும் சரியான விடை கிடைக்கும். ஐயமிருப்பின் ஊசி போடலாகாது.

இம்மருந்து மனிதர்க்கும் தொற்றக்கூடியது. கையுறையும் கண் காப்புக் கண்ணாடியும் இன்றி இதனைக் கையாளலாகாது. ஊசி தவறிக் கையில் குத்தினாலோ, மருந்து கண்ணில் தெறித்தாலோ உடனே நன்கு கழுவி, மருந்தின் பெயரைக் கூறி மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மனிதர்க்கு இந்நோய்க்கான தடுப்பூசி நம் நாட்டில் இல்லை.

ஒரு நோய்க்குரிய தடுப்பு மருந்தே எல்லா மாடுகளிடத்தும் ஒரே விதமாகச் செயற்படும் எனக் கொள்ளவும் கூடாது. முக்தேசுவரம் ஆய்வகத்தில் எட்வர்ட்சு என்பவர் 1920களில் ஆட்டின் உடலிற் பழக்கி உருவாக்கிய வெக்கை நோய்த் தடுப்பு மருந்து, நாட்டு மாடுகளுக்கு ஏற்றதாயிருந்தது. அயல்நாட்டு இனங்களிடத்தோ கடும் எதிர்விளைவுகளைத் தோற்றுவித்தது. பின்னர் வந்த திசு வளர்ப்பு மருந்து இக்குறையை நீக்கிற்று. 1954இல் நாடு தழுவிய முயற்சி தொடங்கியது; 2011இல் உலகமே வெக்கை நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஒவ்வொரு மருந்தின் குறிப்பையும் ஒவ்வொரு முறையும் படிக்க வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

தாயின் ஊசியும் கன்றின் காப்பும்

மனிதரில் தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைகின்றன. மாட்டினத்தில் நஞ்சுக்கொடியின் அமைப்பு இதற்கு இடந்தருவதில்லை. கன்று ஏறத்தாழ எதிர்ப்பொருள் ஏதுமின்றியே பிறக்கிறது. அதற்குக் கிடைக்கும் முதற் காப்பு சீம்பாலே. குடலின் சுவர் எதிர்ப்பொருளை ஏற்கும் ஆற்றல் பிறந்த முதற் சில மணி நேரங்களில் மிகுந்திருந்து, ஏறத்தாழ ஒரு நாளில் நின்றுவிடுகிறது. ஈனுவதற்கு முந்தைய சில வாரங்களிலேயே சீம்பாலில் எதிர்ப்பொருள்கள் சேர்கின்றன. ஆகவே உரிய காலத்தில் உயிரற்ற கிருமி மருந்தைப் பெற்ற பசு, தன்னோடு பிறக்கப்போகும் கன்றையும் காக்கிறது. ‘சினை மாடு’ என்று ஊசியை மறுக்கும் உரிமையாளரிடம் எடுத்துக்கூற வேண்டிய முதற் செய்தி இதுவே. நஞ்சுக்கொடி விழும்வரை சீம்பாலைக் கொடுக்காமல் காத்திருக்கும் வழக்கத்தையும் இவ்விடத்தில் மாற்ற முயலலாம்.

கன்று வீசினால்

ஊசி போட்ட சில நாட்களில் ஒரு பசு கன்று வீசுமாயின், “ஊசியினால் அன்று” என உடனே மறுத்துரைப்பது தவறு. எந்த மந்தையிலும் தடுப்பூசி இன்றியே சில பசுக்கள் கன்று வீசுகின்றன என்பது உண்மையே. எனினும் காரணத்தை ஆராய்ந்து கூறினாலன்றி உரிமையாளர் நம்பமாட்டார். ஒரு வீட்டின் ஐயம் ஊர் முழுதும் பரவி, அடுத்த சுற்றில் தொழுவங்கள் மூடப்படும். எந்த மருந்து, எந்தத் தொகுதி எண், எத்தனையாவது மாதச் சினை என்பவற்றைப் பதிவேட்டில் பார்த்து, கால்நடை மருத்துவருக்குத் தெரிவித்து, இரத்த மாதிரியும் வீசிய கன்றின் மாதிரியும் சோதனைக்கு அனுப்பப்பட ஏற்பாடு செய்க. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் எவரும், குறிப்பாகக் கருவுற்ற பெண்கள், வெறுங்கையால் தொடலாகாது. மாதிரி எடுத்தபின் அவற்றைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் வேண்டும். பாலைக் காய்ச்சியே அருந்த வேண்டும்.

ஆசிரியர்கள் இப்பணியில் பெரிதும் உதவ முடியும். தடுப்பூசிக் குழு வருமுன், ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு மாடு எப்போது காளைக்கு விடப்பட்டது அல்லது செயற்கை முறைக் கருவூட்டல் செய்யப்பட்டது, கிடேரிக் கன்று எப்போது பிறந்தது என்பவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வரச் செய்யலாம். குழுவினர் தொழுவத்தில் கேட்க வேண்டிய வினாக்களின் விடை அத்தாளிலேயே ஆயத்தமாயிருக்கும். பணியாளரும் தம் பதிவேட்டில் ‘சினை’ என்று மட்டும் எழுதாமல், ‘சினை, 4ஆம் மாதம்’ என எழுதும் வழக்கத்தை மேற்கொள்வாராக.